தலை இழுத்தாச்சோ?

எங்கள் பக்கத்தில், அதாவது இலங்கையின் வன்னியில், தலை வாருவதற்குத் தலை இழுக்கிறது என்று பெயர். கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு, ஏன் யாழ்ப்பாணத்திலும்தான், பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் காலையில் ஒருதரமாவது இந்தக் கேள்வி எழும்: "தலை இழுத்தாச்சோ?" சென்னையில் இருந்து இங்கே வேலைக்கு வந்திருந்த தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு யாரை யார் இழுக்கிறது என்று பதறினாள். பதறியதில் நியாயம் உண்டு. எண்ணெய் காணாத தலையை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட ஒரு அம்மா, பல்லு உடைந்த சீப்பால் உச்சியில் இருந்து நுனி வரைக்கும் ஒரே இழுவையாக இழுத்தால் அதற்கு வேறு என்ன பெயர் வைக்கிறது?

கொஞ்ச நாளாக இந்தத் தலைச் சொற்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். தொடங்கியதே எரிச்சலில்தான். என் பெறாமகளுக்கு, அதாவது சகோதரியின் மகளுக்கு, பள்ளிக்கூடத்தில் சிகை அலங்காரம் பற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்களாம், அவள் இணையத்தில் தேடி ஒரு பட்டியலை இறக்கிக்கொண்டு வந்தாள். குதிரைவால், மீன்வால் பின்னல், பிரெஞ்சுப் பின்னல், டச்சுப் பின்னல் என்று அது நீண்டுகொண்டே போனது. எல்லாம் பின்னால் நின்று பார்க்கிறவரின் கண்ணுக்கு வைத்த பெயர்கள். எங்கள் வீட்டில் நாள் முழுக்கப் புழங்குகிற சொற்களை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். இழு, கோது, சிக்கெடு, உச்சி பிரி, பின்னு, மடிச்சுக் கட்டு, அள்ளி முடி, செருகு, தூக்கிக் கட்டு, விரிச்சு விடு, காய விடு, பேன் பார். அத்தனையும் ஏவல். யாரோ யாருக்கோ சொல்கிறார்கள், யாருடைய கையோ வேலை செய்கிறது, வேலை முடிந்ததும் அந்தத் தலைக்குரியவள் எங்கேயோ வெளிக்கிடப் போகிறாள். வயலுக்கோ கோயிலுக்கோ செத்த வீட்டுக்கோ. தலை எப்படிக் கிடக்கிறது என்று சொன்னால் போதும், ஆள் எங்கே போகிறாள் என்று ஊரில் கிழவிகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

இலக்கியக்காரர் இப்போது ஐம்பாலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். சங்கப் பாட்டில் பெண்ணின் கூந்தலுக்கு ஐம்பால் என்று ஒரு பெயர் உண்டு, ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் வந்த பெயர். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்று ஒரு கணக்கு. முடி, குழல், கொண்டை, பனிச்சை, சுருள் என்று இன்னொரு கணக்கு. ஆணின் தலைக்குக் குஞ்சி, பித்தை என்று தனியாக இருக்கிறது. நல்ல சொற்கள்தான், ஆனால் உயர்தர வகுப்பில் தமிழ் படித்த நாளில் பனிச்சை எப்படி இருக்கும், துஞ்சை எப்படி இருக்கும் என்று கரும்பலகையில் ஒருவரும் வரைந்து காட்டவில்லை, பாடமாக்கினோம், எழுதினோம், மறந்தோம். அந்தப் பட்டியல்களில் கொண்டை ஒன்றுதான் என் அம்மம்மாவின் வாயில் உயிரோடு இருந்தது.

மயிர் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், இல்லாவிட்டால் கடல் கடந்து இருப்பவர்கள் இடையில் முகம் சுளிப்பார்கள். எங்களுக்குத் தலைமயிர் என்பது தலைமயிர்தான். "தலைமயிர் வெட்டிப்போட்டு வாறன்" என்று அப்பா கோயில் ஐயரிடமும் சொல்லுவார், பள்ளிக்கூட அதிபரிடமும் சொல்லுவார். வள்ளுவர் மானம் என்ற ஓர் அதிகாரத்துக்குள்ளேயே இரண்டு இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார், ஒருவரும் குறளைச் சோப்புப் போட்டுக் கழுவவில்லை. வசவாகவும் அது வரும், இல்லையென்று சொல்லவில்லை. அது குரலில் இருக்கிறது.

சரி, அள்ளி முடிதலுக்கு வருவோம். என் கொப்பியில் அதிகப் பக்கம் எடுத்தது அதுதான்.

அம்மம்மாவுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல். காலபோகம் என்கிற மாரிகாலப் பயிரில் களை பிடுங்க இறங்குகிற பெண்கள் வரம்பில் நின்று சேலையைத் தூக்கிச் செருகுவதும் தலையை அள்ளி முடிவதும் ஒரே மூச்சில் நடக்கும். எப்படி என்று கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். முதலில் குனிந்து முழு மயிரையும் முகத்துக்கு முன்னால் கொட்டி ஓர் உதறு. நிமிர்ந்து வரும்போதே இடது கை பிடரியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்திருக்கும். வலது கை அடியில் இருந்து முறுக்கிக்கொண்டு போகும், முறுக்கு இறுகி இறுகித் தானாகவே வளையத் தொடங்குகிற ஓர் இடம் வரும், அந்த இடத்தில் இடது கையின் இரண்டு விரலை அணை கொடுத்து அதைச் சுற்றி ஒரு சுற்று, இன்னொரு சுற்று, பிறகு நுனியை அந்த விரல்கள் இருந்த பொந்துக்குள்ளால் எடுத்து வெளியே ஓர் இழு. விரல் கழன்று வந்துவிடும், முடிச்சு நிற்கும். ஊசி இல்லை, கிளிப் இல்லை, நூல்கூட இல்லை. அம்மம்மா இதைச் செய்யும்போது கதையை நிற்பாட்டியதே கிடையாது, பக்கத்து வரம்பில் நிற்கிறவளோடு ஆட்டுக்கு வந்த வருத்தம் பற்றிப் பேசிக்கொண்டே செய்வா. பின்னேரம் கரையேறிக் கால் கழுவும்வரை அந்த முடிச்சு அசையாது.

எண்ணெய்த் தலை என்பதால்தான் அது நின்றது. எண்ணெய் வைத்த மயிர் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும், அன்றைக்குத் தோய்ந்த, அதாவது தலை முழுகிய, மயிர் வழுக்கும். அதனால்தான் தோய்ந்த நாளில் எவளும் வயலுக்கு இறங்கமாட்டாள் என்று அம்மம்மா சொல்லுவா. தோய்ந்தால் தலை விரிந்துதான் கிடக்க வேண்டும். காய்கிறவரை விரித்து விட்டு, நுனியில் மட்டும் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டு, அதற்குள் ஒரு செவ்வரத்தம்பூவோ மல்லிகைச் சரமோ, கோயிலுக்கு. வெள்ளிக்கிழமைத் தலை அது.

முடிகிறதற்கும் கொண்டை போடுகிறதற்கும் எங்கள் பெண்கள் வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். முடிகிறது வீட்டுக்குள்ளே, வேலைக்கு. கொண்டை போடுகிறது வெளியே போக, அதற்குக் கொண்டை ஊசி வேண்டும், வலை வேண்டும், கண்ணாடி வேண்டும். சேலை கட்டிய ரீச்சர்மார் போடுவது கொண்டை. அதே ரீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போகும்போது செய்வது முடிதல். உருவம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். செருகிறது என்பது இன்னும் குறைவான வேலை, படலையில் யாரோ கூப்பிடுகிறார்கள், அவிழ்ந்து கிடக்கிற பின்னலைச் சுருட்டிச் சட்டைக் கழுத்துக்குப் பின்னால் எங்கேயோ சொருகிவிட்டு ஓடுவது. தூக்கிக் கட்டுவது சித்திரை வெயிலுக்கு, பிடரியில் காற்றுப் பட. "கூந்தலிருக்கிற சீமாட்டி அள்ளி முடிவாள்" என்று பழமொழி இருக்கிறது, பொறாமையில் சொல்கிறது. ஆனால் வசதியை அளக்க அது பிடித்த சொல்லைப் பாருங்கள், பூவையும் பொன்னையும் விட்டுவிட்டு அள்ளி முடிகிற வேலையைப் பிடித்திருக்கிறது.

தலையை விரித்துப் போடுவதற்கு எத்தனை சட்டம்! விளக்கு வைத்த நேரத்தில் விரிக்கக் கூடாது. இருட்டினால் சீப்பை எடுக்கக் கூடாது. உச்சி நேரத்தில் விரித்த தலையோடு பாலை மரத்துக்குக் கீழே நிற்கவே கூடாது, முனி பிடிக்கும். சீப்பில் வந்த மயிரை அப்படியே எறியக் கூடாது, விரலில் சுற்றி உருண்டையாக்கித் தூ தூ என்று துப்பித்தான் போட வேண்டும். "ஏனடி பிள்ளை, தலைவிரிகோலமா நிக்கிறாய், ஆரும் செத்துப் போச்சினமே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் சட்டத்தின் காரணம் முழுக்க இருக்கிறது. எங்கள் ஊரில் ஒப்பாரி வைக்கிற பெண்தான் தலையை அவிழ்ப்பாள், நெஞ்சில் அடிக்க அடிக்க அது தானாக அவிழும். அந்தக் கோலத்தைச் சும்மா நாளில் வரவழைக்காதே என்பதுதான் விசயம். பத்திரிகைக்காரர் வறுமை தலைவிரித்தாடுகிறது, ஊழல் தலைவிரித்தாடுகிறது என்று எழுதும்போதெல்லாம் அந்த ஆடுகிற தலை எனக்கு ஒரு பெண்ணின் தலையாகவே தெரியும்.

வன்னியின் அம்மன் கண்ணகி. தலைவிரிகோலம் என்ற சொல்லுக்கே முகம் கொடுத்தவள். முல்லைத்தீவில் ஆடுகிற கோவலன் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள், கண்ணகியாக வருகிறவர் சவரியும் கொண்டையுமாக அடக்கமாக நிற்பதையும் பிறகு அந்தக் கொண்டை அவிழ்கிற கட்டத்தையும் சனம் விடிய விடிய நித்திரை முழித்துப் பார்க்கும். ஆனால் எனக்குப் பிடித்தது வற்றாப்பளை அம்மன் கோயிலில் சொல்லுகிற கதை. மதுரையை எரித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள் நந்திக்கடல் கரையில் ஒரு கிழவியாக வந்து நிற்கிறாள். அங்கே மாடு மேய்க்கிற பொடியள். பசிக்கிறது என்கிறாள், பொங்கிக் கொடுக்கிறார்கள். இருட்டுகிறது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்கிறார்கள், கடல் தண்ணீரை எடுத்து ஊற்று என்கிறாள், எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்று குனிந்து கொடுக்கிறாள். பொடியள் மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண். பயந்து நிமிர்ந்து பார்க்க ஆளைக் காணவில்லை. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரிகிறது, அதைப் பார்க்க எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வரும், தொலைக்காட்சியும் வரும். பேன் பார்த்த கதையை மட்டும் விளக்குக்குப் பின்னால் தள்ளி விடுகிறார்கள். எனக்கோ அதுதான் முக்கியம். ஒரு நகரத்தையே எரித்துப்போட்டு அலைந்து வந்தவள் கேட்டது ஒரு வாய்ச் சோறு, ஒரு வெளிச்சம், தலையில் கை வைக்க யாராவது ஓர் ஆள்.

பேன் பார்ப்பதை அழுக்கு வேலை என்று நினைப்பவர்களுக்கு அது விளங்காது. பின்னேரம் மூன்று மணிக்கு விறாந்தைப் படியில் ஒருத்திக்குக் கீழே ஒருத்தியாக மூன்று நான்கு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், மேலே இருப்பவள் கீழே இருப்பவளின் தலையைப் பிரித்துக்கொண்டிருப்பாள். ஈருக்கு ஈர்கொல்லி, பேனுக்குப் பேன்சீப்பு, இரண்டும் அகப்படாவிட்டால் பெருவிரல் நகம். ஊர்க் கதை முழுக்க அந்தப் படியில்தான் நடக்கும். மாமியும் மருமகளும் கதைக்காமல் இருந்த வீடுகளில்கூட பேன் பார்க்கும் நேரத்தில் சமாதானம் வந்ததைக் கண்டிருக்கிறேன், ஒருத்தியின் தலை மற்றவளின் மடியில் இருக்கும்போது சண்டையைக் கொண்டு நடத்துவது கஷ்டம். அந்தப் படியில் இருந்துதான் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிற கதைகளும் புறப்பட்டுப் போகும், அதையும் சொல்ல வேண்டும்.

தோய்கிற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்களுக்கு அரப்பு, அதாவது சீயாக்காயும் பயறும் வெந்தயமும் தேசிக்காயும் அவித்து அரைத்தது. அவ்வளவு மினக்கெட முடியாதவர்களுக்குச் செவ்வரத்தம் இலை, கிணற்றடிக் கல்லில் வைத்துக் கசக்கினால் வழுவழு என்று வரும். எங்களில் பாதிப் பேருக்குக் கிணற்றில் சவர்த் தண்ணீர், சவர்க்காரம் நுரைக்காது, விலையுயர்ந்த ஷம்போகூடச் சரியாக நுரைக்காது, இலை மட்டும் எந்தத் தண்ணீருக்கும் மாட்டேன் என்று சொல்லாது. பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் பாலும் அறுகும் வைத்துத் தோய வார்ப்பது தனிச் சடங்கு. அதற்குப் பிறகு வருகிற சவரி, சடைநாகம், கொண்டைமாலை எல்லாம் அலங்காரக்காரரின் வாடகைப் பெட்டியில் இருந்து வருகிறது, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இடுப்பு வரை தலைமயிர்.

பின்னலுக்கு வந்தால் அங்கே பள்ளிக்கூடம் நிற்கிறது. பின்னலில் பிரிவுகளைக் கால் என்று சொல்லுவோம், சாதாரணப் பின்னல் மூன்று கால், விருப்பமும் நேரமும் இருக்கிறவர்கள் நாலுகால், ஐந்துகால் என்று பின்னுவார்கள். உச்சி பிரிப்பதில் நடு உச்சி, கன்ன உச்சி என்று இரண்டு. கன்ன உச்சி எடுத்த பிள்ளைக்கு வயது வந்துவிட்டது என்று ரீச்சர்மாருக்கு ஒரு சந்தேகம் வரும், ஏனென்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு நடு உச்சி, இரட்டைப் பின்னல், அதை மடித்துக் காதுக்குப் பின்னால் ரிபனால் கட்டு. ரிபனின் நிறம் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம். மடித்துக் கட்டுகிறதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பின்னலை நுனி வரைக்கும் பின்னாமல் நாலு விரல் மிச்சத்தில் ரிபனைச் சேர்த்துப் பின்னி, அடியை நோக்கி மடித்து, பின்னல் தொடங்கிய இடத்தில் சுற்றி முடிய வேண்டும். ரிபனை நுனியில் சும்மா கட்டிவிட்டு மடித்தால் முதல் பாடம் முடியுமுன் விழுந்துவிடும். எலிவால் பின்னல்காரிகளுக்கு இந்தக் கவலை இல்லை, மடிக்கவே நீளம் காணாது, பகிடிதான் மிச்சம்.

இதே இரட்டைப் பின்னல்தான் இயக்கத்து, அதாவது விடுதலைப் புலிகளின், பெண்களின் தலையிலும் இருந்தது. மடித்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் குத்தியிருப்பார்கள், தொப்பி போட, ஓட, படுத்துத் தவழ. பலர் கட்டையாக வெட்டியிருந்தார்கள். தொண்ணூறுகளில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் அப்படிப் போகிற அக்காமாரைப் பார்த்து எங்கள் வகுப்பில் பாதிக்கு அந்தத் தலை மேல் ஆசை. வீட்டில் கத்தரிக்கோலை ஒளித்து வைத்த அம்மாமாரும் இருந்தார்கள், ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிறகு போரின் கடைசிக் காலம். 2008 இலும் 2009 தொடக்கத்திலும் இயக்கத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்பதெல்லாம் தாண்டி, அவர்கள் அகப்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, கொண்டுபோன பெண்பிள்ளைகளின் தலைமயிரை ஒட்ட வெட்டினார்கள். ஓடி வந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்த நாட்களில் "தலைமயிர வெட்டிப்போட்டாங்களாம்" என்று ஒழுங்கையில் யாராவது சொன்னால் அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை, எந்த வீட்டுப் பிள்ளை என்று மட்டும் கேட்போம். அந்தப் பிள்ளைகளில் தப்பி வந்து இராணுவப் பக்கம் போனவர்களுக்கு அதே தலை மறுபடியும் காட்டிக் கொடுத்தது. சோதனையில் கட்டை மயிரோடு நிற்கிற பெண்ணைத் தனியே எடுத்தார்கள். எங்களோடு நடந்து வந்த ஒருத்தி சேலைத் துண்டால் தலையை மூடிக் கட்டிக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மயிர் ஓர் அங்குலம் வளர எவ்வளவு காலம் எடுக்கும் என்று அந்த வருடம் வன்னியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

போர் முடிய எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேல் சனம். தண்ணீருக்கு வரிசை, குளிக்கிறதே பாடு, தலை தோய்கிறது கனவு. பேன் பெருகியது. என் அம்மா, பெரியம்மா, இன்னும் எத்தனையோ பேர் இடுப்பு வரை இருந்ததைத் தாங்களாகவே கழுத்தோடு வெட்டிக்கொண்டார்கள், கத்தரிக்கோல் ஒன்று கூடாரம் கூடாரமாகப் போய் வந்தது. ஒருவரும் அழவில்லை. அம்மா வெட்டிய மயிரைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு எத்தினை போத்தல் எண்ணெய் போயிருக்கும்" என்று கணக்குப் பார்த்தா. 2012 இல் அந்த முகாமை மூடும்போது திரும்பி வந்த பெண்களில் பலருக்குக் கொண்டை போடக்கூடிய அளவு வளர்ந்திருந்தது.

தலையில் பூ வைக்கிறது என்ற சொல்லும் அதற்குப் பிறகு கனத்துப் போய்விட்டது. செத்தவரின் மனைவி பூவை விட்டாள் என்பது பழைய வழக்கம், அந்த வழக்கம் போனால் நல்லது என்பது என் கட்சி. ஆனால் ஆள் செத்தாரா இருக்கிறாரா என்று ஒருவரும் சொல்லாத பெண்ணின் தலையில் பூ இருக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு எந்தப் பழக்கத்திலும் பதில் இல்லை. அப்படியான பெண்களும் தாய்மாரும் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள், வருடக்கணக்காக உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் வந்த படங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு தாய் தலையை விரித்துப்போட்டு அழுகிறா. நான் போன நேரங்களில் கண்டது பெரும்பாலும் அள்ளி முடிந்த தலைகள். தண்ணீர்ப் போத்தல், படச்சட்டம், கையெழுத்துத் தாள், வெற்றிலைப்பை, இறுக்கி முடிந்த தலை. அவர்கள் அதை வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள். படம் எடுக்க வருகிறவர் முடிச்சு அவிழும் நேரத்துக்காகக் காத்திருந்து அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஆண்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை, மன்னிக்கவும். குடும்பி போய்விட்டது, கோயில் ஐயரிடமும் தேங்காயிலும் மிச்சம் இருக்கிறது. தாத்தா காலத்தில் பாகவதர் கிராப்பு என்று ஒன்று, தியாகராஜ பாகவதரைப் பார்த்துப் பிடரி வரை வளர்த்துப் பின்னால் தள்ளிவிட்டது. எண்பதுகளில் மாமாமார் ஸ்டெப் கட். முந்தி வீடு வீடாக வந்து மாமரத்துக்குக் கீழே வெட்டிவிட்டு, அறுவடைக்குப் பிறகு நெல்லாகக் கூலி வாங்கிக்கொண்டு போன ஆட்களின் பிள்ளைகள் இன்றைக்குக் குளிரூட்டிய சலூன் வைத்திருக்கிறார்கள், கதிரையில் ஏறி உட்காருகிறவன் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டுக் காசையும் அப்போதே கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்த மாற்றம் எனக்குப் பிடிக்கும். பொடியள் இப்போது இலக்கத்தில் கதைக்கிறார்கள். "பக்கத்துக்கு ஒண்டு போடுங்கோ அண்ணை, மேல கத்தரிக்கோல்." மெஷினின் இலக்கம் அது. அடுத்த நாள் அதிபர் வாசலில் நிற்பார், அந்தக் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஏ9 வீதிக் கரையில் இப்போது பியூட்டி பாலர் பலகைகள். ஸ்ட்ரெயிட்னிங், ரீபொண்டிங், லேயர் கட், கெரட்டின். இந்தச் சொற்களைப் பழிக்கிற கட்டுரை இது என்று நினைத்துவிடாதீர்கள். கவனித்துக் கேட்டால் எங்கள் பெண்கள் அதற்கும் ஒரு கையை ஒட்டிவிட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரெயிட் அடிக்கிறது, பன் போடுறது, கலர் அடிக்கிறது, கிளிப் குத்துறது. பெயர் எங்கிருந்து வந்தாலும் வேலை தமிழில்தான் நடக்கிறது. பாலர் வைத்திருக்கிற பெண்களில் சிலர் அன்றைக்குக் கட்டை மயிரோடு வந்தவர்கள் என்பதும் எனக்குத் தெரியும், அவர்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை, நன்றாக வெட்டுகிறார்கள்.

போன மாதம் ஒரு கலியாணத்துக்காகப் பெறாமகள் ஸ்ட்ரெயிட் அடித்துக்கொண்டு வந்தாள். ஊசியும் கிளிப்பும் இல்லாமல் பன் போடுவது எப்படி என்று கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவளை அம்மா எட்டிப் பார்த்தா. குனி, உதறு, பிடி, முறுக்கு, விரலைக் கொடு, நுனியை எடு. அம்மம்மா வரம்பில் நின்று செய்தது அப்படியே, ஓர் அசைவு மாறாமல். "உதுக்கு மெஸ்ஸி பன் எண்டு பேர் அம்மம்மா" என்றாள் பெறாமகள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்து அவளின் தலையை அள்ளி முடிந்துவிட்டா. கை எடுத்த உடனே அது வழுக்கி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. திரும்பவும் முடிந்தா, திரும்பவும் விழுந்தது. பாலரில் அவ்வளவு காசு கொடுத்து வழுவழுப்பாக்கிய மயிர் எப்படி நிற்கும்?

"இதுக்கு இனி ஆறு மாசத்துக்கு முடிச்சு நிக்காது பிள்ளை, போய்க் கிளிப்ப எடுத்துக்கொண்டு வா" என்றா அம்மா.